வளரும் நாடுகளின் தகவமைப்புச் செலவு: கோடிட்ட இடத்தில் எந்த எண்?

பனங்கிழங்கு | ஞாயிறு இரவு 9.40

வணக்கம். முதுகலைப் பொருளியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். அடுத்த மாதம் துறைக் கருத்தரங்கில் பதினைந்து நிமிடம் பேச வேண்டும். மூன்று நாளாக ஒரே வாக்கியத்தில் நிற்கிறேன்: “காலநிலை மாற்றத்துக்கு ஈடுகொடுத்துத் தங்களைத் தகவமைத்துக்கொள்ள வளரும் நாடுகளுக்கு ஆண்டுக்கு ____ பில்லியன் டாலர் தேவை.”

நான் திரட்டியவை இவை (எல்லாம் ஆண்டுக்கு, பில்லியன் டாலரில்):

உலக வங்கி, 2006: 9 முதல் 41
ஸ்டெர்ன் அறிக்கை (பிரிட்டன் அரசுக்காகப் பொருளியலாளர் நிக்கலஸ் ஸ்டெர்ன் எழுதியது), 2006: 4 முதல் 37
ஆக்ஸ்ஃபாம் (தொண்டு அமைப்பு), 2007: குறைந்தது 50
ஐ.நா. காலநிலை உடன்படிக்கைச் செயலகம், 2007: 2030 வாக்கில் 28 முதல் 67
ஐ.நா. வளர்ச்சித் திட்டம், 2007: 2015 வாக்கில் 86
உலக வங்கி, 2010: 70 முதல் 100
ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம், 2016: 2030 வாக்கில் 140 முதல் 300
அதே அமைப்பு, 2023: 215 முதல் 387
அதே அமைப்பு, 2025: 2035 வாக்கில் 310 முதல் 365

ஒரே உலக வங்கி நான்கே ஆண்டில் 9-இலிருந்து 70-க்குப் போயிருக்கிறது. அதற்குள் பூமி அவ்வளவு சூடாகிவிட்டதா? எதை எழுதினாலும் “ஏன் இதை எடுத்தாய்” என்று யாராவது கேட்பார்கள். பதில் தெரியவில்லை.

குறுக்குக்கேள்வி | ஞாயிறு இரவு 10.05

பதில் ரொம்ப எளிது: பேரம். தருகிறவர் ஒரு விலை சொல்வார், கேட்கிறவர் ஒரு விலை சொல்வார். மாட்டுச் சந்தையில் துண்டைப் போட்டு மூடிக்கொண்டு விரலைப் பிடிப்பார்களே, அது மாதிரி. இங்கே துண்டுக்குப் பதில் முந்நூறு பக்க அறிக்கை.

அரைக்கணக்கு | ஞாயிறு இரவு 11.20

குறுக்கு சொல்வதில் கால்வாசி உண்மை. மீதியைப் பார்க்க 2006 கணக்கையே கையில் எடுத்துப் போட்டுப் பாருங்கள். ஒரு சிட்டைத் தாள் போதும்.

வளரும் நாடுகளில் புழங்கும் மூன்று முதலீட்டுப் பணங்களை அவர்கள் எடுத்தார்கள்: வளர்ச்சி உதவி சுமார் 100 பில்லியன், அந்நிய நேரடி முதலீடு 160, உள்நாட்டு முதலீடு 1,500. இதில் எவ்வளவு பங்கு வெயில், மழை, புயலுக்கு ஆட்படக்கூடியது என்று ஓர் ஊகம். உதவியில் 40 சதவீதம், அந்நிய முதலீட்டில் 10, உள்நாட்டு முதலீட்டில் 2 முதல் 10. ஆக 40 + 16 + 30 = 86 பில்லியன், மேல்பக்கம் 40 + 16 + 150 = 206 பில்லியன். இந்தப் பங்கைக் காலநிலையிடமிருந்து காப்பாற்ற 10 முதல் 20 சதவீதம் கூடுதலாகச் செலவாகும் என்று இன்னோர் ஊகம். 86-இல் 10 சதவீதம் சுமார் 9. 206-இல் 20 சதவீதம் சுமார் 41. அவ்வளவுதான். அந்தப் புகழ்பெற்ற “9 முதல் 41” பிறந்த கதை இது.

ஒரு கரையை, ஒரு வாய்க்காலை, ஓர் ஊரை யாரும் போய்ப் பார்க்கவில்லை. ஸ்டெர்ன் அறிக்கை இதே சட்டியில்தான் சமைத்தது, சதவீதங்களை மட்டும் மாற்றிக்கொண்டது. ஆக்ஸ்ஃபாமும் ஐ.நா. வளர்ச்சித் திட்டமும் இதே சட்டியில் புதுச் சாமான்களைச் சேர்த்தன. ஐ.நா. வளர்ச்சித் திட்டம் சொன்ன 86-ஐப் பிரித்தால் வளர்ச்சி முதலீடுகளைக் காப்பாற்ற 44, வறுமை ஒழிப்புத் திட்டங்களைத் தாங்கிப்பிடிக்க 40, பேரிடர் ஏற்பாடுகளுக்கு 2.

துறை வாரியாக முதலில் போனது 2007-இல் காலநிலை உடன்படிக்கைச் செயலகம். வேளாண்மை 7, தண்ணீர் 9, நலவாழ்வு 5, கடற்கரை 5, கட்டுமானம் 2 முதல் 41. கூட்டினால் 28 முதல் 67. கட்டுமானம் என்ற ஒற்றை வரியை மூடிவிட்டுப் பாருங்கள், மற்ற நான்கும் அசையவே இல்லை. முழு இடைவெளியும் அந்த ஒரு வரியில்தான். நலவாழ்வில் எடுத்துக்கொண்டது வயிற்றுப்போக்கு, ஊட்டக்குறைவு, மலேரியா ஆகிய மூன்றை மட்டும்.

எனவே பனங்கிழங்கு, எண் வளர்ந்தது வெயிலால் மட்டும் இல்லை. எதை எதைக் கணக்கில் சேர்த்தார்கள் என்பதும் வளர்ந்தது.

பழைய_ஓவர்சியர் | திங்கள் காலை 6.15

நான் டாலரில் எதையும் எழுதியவன் இல்லை. முப்பத்திரண்டு வருடம் ஏரி, வாய்க்கால், கரை என்று எஸ்டிமேட் போட்டே கழித்தவன். ஆனால் மேலே உள்ளதைப் படித்தால் பழக்கமான வாசனை வருகிறது. “லம்சம்” என்று ஒரு வரி எழுதி ஒரு தொகையைப் போட்டு, கடைசியில் இதர செலவு இத்தனை சதவீதம் என்று ஏற்றுவது. அவசரத்துக்கு நாங்களும் செய்திருக்கிறோம்.

ஒரு கதை சொல்கிறேன், பிறகு உங்கள் சண்டையை நடத்துங்கள். ஓர் ஏரிக்கரையை ஒரு மீட்டர் உயர்த்த எஸ்டிமேட் கேட்டு உத்தரவு வந்தது. லெவல் எடுக்கப் போனேன். வரைபடத்தில் இருக்கிற கரை உயரம் தரையில் இல்லை. மாடு ஏறி, மழை கரைத்து, மண் அள்ளி, கரையே அறுபது சென்டிமீட்டர் இறங்கிக் கிடந்தது. இப்போது நான் போடவேண்டியது ஒரு மீட்டருக்கா, ஒன்று அறுபதுக்கா? மேலிடம் சொன்னது: “அனுமதி ஒரு மீட்டருக்குத்தான். அந்த அறுபது மராமத்துக் கணக்கில் வரும், அதை அங்கே கேளுங்கள்.” மராமத்துக் கணக்கில் பணம் கிடையாது. அறுபதைக் கட்டாமல் அதன் மேல் நூறை எங்கே வைப்பது? காற்றிலா?

உலகக் கணக்கிலும் இந்த அறுபது சென்டிமீட்டர் எங்கேயாவது ஒளிந்திருக்கும். அதை யார் தலையில் எழுதினார்கள் என்று பாருங்கள் அம்மா. எண் ஏறி இறங்குவது அங்கேதான் இருக்கும்.

அரைக்கணக்கு | திங்கள் காலை 8.50

ஐயா, அதற்கு இந்தத் துறையில் ஒரு பெயரே இருக்கிறது: தகவமைப்புப் பற்றாக்குறை. இன்றைய மழைக்கும் புயலுக்குமே போதாத நிலைமை. நாளைய கூடுதல் ஆபத்து அதற்கு மேல் வருவது.

2009-இல் காலநிலை ஆய்வாளர் மார்ட்டின் பாரியும் கூட்டாளிகளும் முந்தைய கணக்குகளை மறுபரிசீலனை செய்தார்கள். செயலகம் எடுத்துக்கொண்ட துறைகளிலேயே உண்மைச் செலவு இரண்டு மூன்று மடங்கு இருக்கும் என்றார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது வேறு ஓர் எண். ஏழை, நடுத்தர வருவாய் நாடுகளின் வீட்டுவசதி, கட்டுமானப் பற்றாக்குறையை 20 ஆண்டுகளில் தீர்க்க ஆண்டுக்கு சுமார் 315 பில்லியன் வேண்டும். அப்படிச் சரிசெய்த கட்டுமானத்தைக் காலநிலை மாற்றத்துக்குத் தாங்கும்படி ஆக்க இன்னும் 16 முதல் 63 பில்லியன்.

315 உங்கள் அறுபது சென்டிமீட்டர். 16 முதல் 63 வரை உள்ளது உங்கள் ஒரு மீட்டர். காலநிலை நிதி பேச்சில் வருவது இரண்டாவது மட்டும்.

நெல்லிக்காய் | திங்கள் காலை 9.30

அறுபது சென்டிமீட்டர் உவமை வகுப்பில் சொல்லலாம் போல இருக்கிறது. திருடிக்கொள்கிறேன், ஓவர்சியர் ஐயா.

பனங்கிழங்கு | திங்கள் மாலை 5.45

ஐயா, நீங்கள் சொன்னதை வைத்துத் தேடினேன். உலக வங்கியின் 2010 ஆய்வில் நாடு வாரியாகவும் போட்டிருக்கிறார்கள். வங்கதேசத்தில் புயலலைக்கான பட்டியல் அப்படியே உங்கள் கதை! அங்கே கடலோர நிலத்தைச் சுற்றி வளைத்துப் போட்ட கரைக்குப் போல்டர் என்று பெயர். ஆய்வில் வருபவை 123.

காலநிலை மாறாவிட்டாலும் இன்றைய புயலுக்கே தேவைப்படுவது: கரைகளுக்கு 2,462 மில்லியன் டாலர், புயல் பாதுகாப்பு மையங்களுக்கு 628. மொத்தம் 3,090.

காலநிலை மாறுவதால் 2050-க்குள் கூடுதலாகத் தேவைப்படுவது: கரைகளுக்கு 893, கரையோரக் காடு வளர்ப்புக்கு 75, பாதுகாப்பு மையங்களுக்கு 1,219, புயல் தாங்கும் வீடுகளுக்கு 200, முன்னெச்சரிக்கைக்கு 39. மொத்தம் 2,426. ஆண்டுப் பராமரிப்பு 50 மில்லியன்.

“வங்கதேசத்தின் புயல் தகவமைப்புச் செலவு 2.4 பில்லியன்” என்றுதான் எல்லோரும் எடுத்து எழுதுகிறார்கள். ஆனால் உண்மையில் கட்டவேண்டியது 5.5 பில்லியனுக்கு. பாதிக்கு மேல் மற்ற கணக்கில் தள்ளியாயிற்று!

பழைய_ஓவர்சியர் | திங்கள் இரவு 8.10

நல்ல பட்டியல். இதைப் போட்டவன் தரையில் கால் வைத்தவன், லம்சம் ஆசாமி இல்லை.

மூன்று விஷயம் கண்ணில் படுகிறது. கரை வரியில் இன்றைய குறை 2,462, நாளைய கூடுதல் 893. ஒன்றுக்குக் கிட்டத்தட்ட மூன்று பங்கு பழைய பாக்கி. இரண்டாவது, பராமரிப்பு 50 மில்லியன் என்பது 2,426-இல் இரண்டு சதவீதம். மண் கரைக்கு அது கட்டாயம் வேண்டும். ஆனால் எந்த ஊரிலும் திறப்பு விழாவுக்குப் பிறகு அந்த இரண்டு சதவீதம் வந்து நான் பார்த்ததில்லை. மூன்றாவது, முன்னெச்சரிக்கைக்கு 39-தானா? அது எப்படி அவ்வளவு மலிவு?

டாக்காவாசி | திங்கள் இரவு 11.55

அதற்கு நான் பதில் சொல்லலாம், ஐயா. நான் மட்டக்களப்பு ஆள். பதினொரு வருடமாக டாக்காவில் ஆடைத் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டில் வேலை. 1978 நவம்பர் சூறாவளி எங்கள் ஊரைத் துடைத்த கதையைச் சொல்லித்தான் அம்மா எங்களை வளர்த்தவ. அதனால் இங்கே புயல் எச்சரிக்கை வந்தால் மற்றவர்களைவிடக் கொஞ்சம் உன்னிப்பாகக் கவனிப்பேன்.

இங்கே 1972-இல் தொடங்கிய புயல் ஆயத்தத் திட்டம் என்று ஒன்று இருக்கிறது. அரசும் செம்பிறைச் சங்கமும் சேர்ந்து நடத்துவது. தொண்டர்கள் 76 ஆயிரத்துக்கும் மேல், பாதிப்பேர் பெண்கள். சமிக்ஞைக் கொடி ஏற்றுவார்கள், கையில் ஒலிபெருக்கியோடு வீடு வீடாகப் போவார்கள், வயதானவர்களைத் தூக்கிக்கொண்டு மையத்துக்கு நடப்பார்கள். சம்பளம் இல்லை. 1970 புயலில் குறைந்தது 3 லட்சம் பேர் செத்தார்கள். 1991-இல் 1,38,000 அளவில். 2007 சித்ர் புயலில் 3,400 அளவில். புயலின் வலுவும் விழுந்த இடமும் வேறு வேறுதான், எல்லாப் புகழும் தொண்டர்களுக்கே என்று சொல்ல மாட்டேன். மையங்கள் கட்டினார்கள், வானொலி வந்தது, பிறகு கைபேசி வந்தது. ஆனால் வாசலில் வந்து கதவைத் தட்டுகிற ஆள் இல்லாமல் இந்த இறக்கம் நடந்திருக்காது.

அந்த ஆளின் இரவு கணக்கின் எந்தப் பத்தியிலும் இல்லை. அதனால்தான் 39 மலிவாகத் தெரிகிறது.

பழைய_ஓவர்சியர் | செவ்வாய் காலை 5.50

குடிமராமத்து! ஏரிக்கு வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியோடு வந்து கரை கட்டின காலத்தில் அரசாங்கப் பேரேட்டில் செலவு பூஜ்யம்தான். கரை மட்டும் இருந்தது. சரி, புரிந்தது தம்பி.

குறுக்குக்கேள்வி | செவ்வாய் காலை 10.15

எல்லோரும் உருகிவிட்டீர்கள். என் கேள்வி அப்படியே நிற்கிறது. 2010-இல் புயலுக்கு 2.4 பில்லியன், உள்நாட்டு வெள்ளத்துக்கு இன்னொரு 2.7 அளவில். சரி, 5 என்றே வைத்துக்கொள்வோம். அதே வங்கதேசம் 2022-இல் வெளியிட்ட தேசியத் தகவமைப்புத் திட்டத்தில் 2050 வரைக்கும் 230 பில்லியன் கேட்கிறது. 5 எங்கே, 230 எங்கே? இது பேரம் இல்லாமல் வேறென்ன?

அரைக்கணக்கு | செவ்வாய் பகல் 1.05

நியாயமான கேள்வி. ஆனால் ஒரே தராசில் வைக்கவில்லை. 5 என்பது இரண்டே ஆபத்துகளுக்கு, அதுவும் பழைய பாக்கியைக் கழித்த பிறகு, 2010 வாக்கில் போட்டது. 230 என்பது 113 நடவடிக்கைகளுக்கு, 27 ஆண்டுகளுக்கு. தண்ணீர், பயிர், மீன், நகரம், காடு எல்லாம் உள்ளே. ஆண்டுக்குப் பிரித்தால் 8.5 பில்லியன். அதில் பழைய பாக்கியும் நாளைய கூடுதலும் தனித்தனிப் பத்தியாக இல்லை, கலந்தே கிடக்கின்றன.

கேட்கிறவர் ஊதிப்பெருக்க மாட்டார் என்று நான் சொல்லவில்லை. தருகிறவர் கழிக்கிற கணக்கிலும் அதே அளவு அரசியல் இருக்கிறது என்றுதான் சொல்கிறேன். ஐ.நா. அறிக்கையே இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறது. 2023-இல் 215 என்பது கணினி மாதிரிகள் வழியாகத் துறை வாரியாக வந்த செலவு. 387 என்பது நாடுகள் தங்கள் திட்டங்களில் எழுதிய தேவையை மற்ற நாடுகளுக்கும் விரித்துப் பெற்றது. துறை எஸ்டிமேட் ஒன்று, கிராமசபைக் கோரிக்கை ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் “215 முதல் 387 வரை” என்று ஒரு கோட்டில் எழுதினால் அளவுநாடாவில் வந்த பிழை மாதிரித் தெரியும். பிழை இல்லை, கேள்வியே வேறு வேறு.

வடகால் | செவ்வாய் பகல் 2.20

இந்தியாவைப் பாருங்கள். தகவமைப்புக்குத் தொடர்புடைய அரசுச் செலவு 2015-16-இல் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 3.7 சதவீதம், 2021-22-இல் 5.6 சதவீதம் என்று பொருளாதார ஆய்வறிக்கை சொல்கிறது. உலக வங்கியின் 2010 கணக்கிலோ வளரும் நாடுகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து 0.2 சதவீதத்தை ஒட்டித்தான் வருகிறது. ஒரு பக்கம் நடக்கிற வளர்ச்சி வேலையில் பாதியைத் தகவமைப்பு என்கிறோம், மறுபக்கம் வளர்ச்சியைச் சுரண்டி எடுத்துவிட்டு மிச்சத்தை மட்டும். எல்லாம் நம்முடைய

நெறியாளர் | செவ்வாய் பகல் 3.00

வடகாலின் பதிவில் இரண்டாம் பாதியும் அதற்கு வந்த ஆறு மறுமொழிகளும் நீக்கப்பட்டன. எந்தக் கட்சி எவ்வளவு சாப்பிட்டது என்பதற்கு வேறு இழை இருக்கிறது.

பனங்கிழங்கு | செவ்வாய் இரவு 9.10

அரைக்கணக்கு அண்ணா, 2010 ஆய்வில் இன்னோர் இடத்தில் சிக்கினேன். ஒரே ஆய்வு, ஆனால் ஈரமான உலகம், வறண்ட உலகம் என்று இரண்டு வருகிறது, அதிலும் கூட்டல் மூன்று விதம். ஏன்?

அரைக்கணக்கு | செவ்வாய் இரவு 11.40

எல்லோரும் தாண்டிப் போகிற பக்கம் அது.

2050-இல் உலகம் 2 டிகிரி சூடாகும் என்பதை அவர்கள் எடுத்துக்கொண்ட இரண்டு காலநிலை மாதிரிகளும் ஒத்துக்கொள்கின்றன. மழைதான் தகராறு. அமெரிக்க மாதிரி ஒன்றில் மழை அதிகம், ஆஸ்திரேலிய மாதிரி ஒன்றில் குறைவு. மழை கூடினால் சாலை, வடிகால், பாலம் எல்லாவற்றையும் பெரிதாகக் கட்டவேண்டும். ஆகவே ஈர உலகின் செலவு கூடுதல். 70-க்கும் 100-க்கும் உள்ள தூரத்தில் பெரும்பங்கு இந்த மழையும் கூட்டல் முறையும்தான்.

இப்போது கூட்டல். காலநிலை மாறினால் சில இடங்களில் செலவு குறையவும் செய்யும். எங்கோ ஒரு குளிர்நாட்டில் உறைபனியால் சாலை வெடிப்பது குறைந்தது என்று வையுங்கள். அந்த மிச்சத்தை என்ன செய்வது? ஒரு முறையில் அதை பூஜ்யமாக்கிவிட்டுச் செலவுகளை மட்டும் கூட்டுவார்கள். இன்னொன்றில் ஒரே நாட்டுக்குள் செலவையும் மிச்சத்தையும் கழித்துக்கொள்வார்கள், அடுத்த நாட்டுக்குத் தூக்கிப் போக மாட்டார்கள். மூன்றாவதில் உலகம் முழுக்க ஒரே உண்டியல். குளிர்நாட்டில் மிஞ்சியதை வங்கதேசத்துக் கரையில் கழித்துவிடலாம். கணிதம் மூன்றுக்கும் சம்மதிக்கும். ஆனால் கழித்த பணத்தை அந்த நாடு வங்கதேசத்துக்கு மணியார்டர் அனுப்பப் போவதில்லை.

இன்னொரு விநோதமும் உண்டு. வெள்ளம், வறட்சி ஆகிய இடர்களின் செலவை எப்படிக் கணித்தார்கள் தெரியுமா? கூடுதல் ஆபத்தை ஈடுகட்ட எத்தனை இளம்பெண்களைக் கூடுதலாகப் படிக்கவைக்க வேண்டும், அதற்கு எவ்வளவு செலவு என்று.

நெல்லிக்காய் | புதன் காலை 7.25

பள்ளிக்கூடமா? வெள்ளத்துக்கா? விளையாடாதீர்கள்.

அரைக்கணக்கு | புதன் காலை 8.40

விளையாட்டில்லை. பெண்கள் படித்த நாடுகளில் அதே அளவு பேரிடருக்குச் சாவு குறைவு என்று பல நாட்டுத் தரவுகளில் கண்டார்கள். அந்த உறவை வைத்துப் பின்னோக்கிக் கணக்கிட்டார்கள். எனக்கு இதில் ஓர் இடறல். பெண் கல்வி எப்படியும் கொடுக்கவேண்டியதுதானே? அது வளர்ச்சிப் பத்தியா, காலநிலைப் பத்தியா? ஐயாவின் அறுபது சென்டிமீட்டர் பள்ளிக்கூட வாசலில் வந்து நிற்கிறது.

டாக்காவாசி | புதன் காலை 9.15

முந்தாநாள் சொன்ன கதவு தட்டுகிற தொண்டர்களில் பாதிப்பேர் பெண்கள் என்று எழுதினேன் அல்லவா. பெண் வந்து கூப்பிட்டால்தான் பெண்கள் வெளியே வருகிற வீடுகள் இருக்கின்றன. ஆகவே அந்த ஆய்வைப் பார்த்து நான் சிரிக்கவில்லை.

எனக்கு வேறொரு வரி காணவில்லை. இங்கே மீர்பூரில் போலா பஸ்தி என்று ஒரு குடிசைப் பகுதி. போலா தீவில் ஆறு நிலத்தைத் தின்ன, 1970 புயலும் அடிக்க, அங்கிருந்து வந்தவர்களின் பெயரில் நிற்கிறது. எங்கள் தையல் வரிசையிலும் கரையோர மாவட்டத்துப் பிள்ளைகள் கனபேர். அவர்கள் செய்ததும் தகவமைப்புத்தான். வாடகை, முன்பணம், ஊருக்கு அனுப்புகிற காசு, விட்டுவந்த வீடு, எல்லாம் அவர்கள் செலவு. எந்த அறிக்கையின் எந்த வரியில் அது?

பழைய_ஓவர்சியர் | புதன் காலை 9.45

10 முதல் 20 சதவீதம் ஏற்றிப் போடுகிற முறை ஏன் கரைக்குச் சரிவராது என்று சொல்கிறேன், மனக்கணக்காகவே போடலாம்.

கரையின் தலை அகலம் 4 மீட்டர். கடல் பக்கச் சரிவு ஒன்றுக்கு மூன்று, உள்பக்கம் ஒன்றுக்கு இரண்டு. உயரம் 4 மீட்டர் என்றால் குறுக்குவெட்டு 16 + 40 = 56 சதுர மீட்டர். உயரம் 5 என்றால் 20 + 62.5 = 82.5. உயரம் கால்பங்கு கூடியது, மண் பாதிக்கு நெருங்கக் கூடிவிட்டது. அடி அகலமும் ஐந்து மீட்டர் விரியும். அந்த ஐந்து மீட்டரில் யாராவது வயல் வைத்திருப்பார், வீடு கட்டியிருப்பார். நிலம் எடுக்க வேண்டும். மண் பக்கத்தில் கிடைக்காவிட்டால் தூரத்திலிருந்து அடிக்க வேண்டும். உலக அறிக்கையில் கடல் மட்டம் கொஞ்சம் கூடியது என்று ஒரு வரிதான். அந்த ஒரு வரி சைட்டுக்கு வரும்போது ஒன்றரை மடங்கு மண்ணாக வந்து இறங்கும்.

அந்த ஊரில் கட்டின கரைகள் எதுவும் எஸ்டிமேட்டுக்குள் முடிந்ததா, டாக்கா தம்பி?

அரைக்கணக்கு | புதன் காலை 10.20

நான் சொல்கிறேன் ஐயா. 2013-இல் உலக வங்கி 400 மில்லியன் டாலரில் கரை மேம்பாட்டுத் திட்டத்தின் முதல் கட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. 17 போல்டர்களைச் சீரமைப்பதாகத் தொடக்கம். பிறகு 10 என்று சுருங்கியது.

பழைய_ஓவர்சியர் | புதன் காலை 10.35

17 போட்டு 10. பரவாயில்லை. எங்கள் பக்கமும் அதே வீதம்தான்.

டாக்காவாசி | வியாழன் இரவு 12.40

கரை மட்டும்தான் வழி என்று நினைக்க வேண்டாம் ஐயா. 1960-களில் இந்தச் சுற்றுக்கரைகளைப் போட்டபோது உப்புநீர் நின்றது, நெல் விளைந்தது. ஆனால் கங்கையும் பிரம்மபுத்திராவும் கொண்டுவருகிற வண்டல் வயலுக்குள் வர முடியாமல் வெளியே ஆற்றில் படிந்தது. ஆறு மேடேறியது, கரைக்குள் நிலம் இறங்கியது. 32-ஆம் எண் போல்டரில் உள் நிலம் வெளியே உள்ள சுந்தரவனத் தரையைவிட ஒன்று முதல் ஒன்றரை மீட்டர் பள்ளம் என்று அளந்திருக்கிறார்கள். 2009-இல் ஐலா புயல் அந்தக் கரையை உடைத்தது. இரண்டு வருடத்துக்குப் பக்கம் வேலியேற்றத் தண்ணீர் உள்ளே வந்து போனது. சனம் கரை மேலே கூடாரத்தில் இருந்தது. தண்ணீர் போனபோது ஓர் அடி அளவுக்கு வண்டலும் விட்டுப்போனது.

அதற்கும் முன்னமே, குல்னா பக்கம் டகாத்தியா என்ற தாழ்நிலத்தில் வருடக்கணக்காக மழைநீர் வடியாமல் நின்றது. 1990-இல் சனம் தாங்களே கரையை வெட்டிவிட்டது. சட்டப்படி குற்றம். பிறகு வேறு தாழ்நிலங்களில் கொஞ்ச வருடம் ஆற்றுநீரை வேண்டுமென்றே உள்ளே விட்டு நிலத்தை உயர்த்துவது அரசுத் திட்டத்திலேயே இடம்பிடித்தது.

இதற்கு எஸ்டிமேட் எப்படிப் போடுவீர்கள்? மண் செலவு இல்லை, ஆறு சும்மா கொண்டுவருகிறது. ஆனால் அந்த வருடங்களில் வயல் வைத்திருப்பவனுக்குச் சாப்பாடு யார் போடுவது? இழப்பீடு ஒழுங்காகப் போய்ச் சேராமல் அங்கே சண்டை வந்தது.

பழைய_ஓவர்சியர் | வியாழன் காலை 6.05

ரேட் புத்தகத்தில் “ஆறு கொண்டுவரும் மண், ஒரு கன மீட்டருக்கு” என்று வரியே கிடையாது. வரி இல்லாத வேலையை எந்த அதிகாரியும் பரிந்துரைக்க மாட்டான். கான்கிரீட்டுக்கு வரி இருக்கிறது, ஆகவே கான்கிரீட் வரும். இதை நான் குற்றமாகச் சொல்லவில்லை, நானும் அப்படித்தான் இருந்தேன்.

குறுக்குக்கேள்வி | வியாழன் காலை 11.30

சரி, மாட்டுச் சந்தை உவமையைக் கொஞ்சம் திருத்திக்கொள்கிறேன். பேரம் என்றால் இரண்டு பக்கமும் பணத்தை எடுத்து வைக்க வேண்டும். 2025 அறிக்கைப்படி 2023-இல் வளரும் நாடுகளுக்கு வந்த பன்னாட்டு அரசுத் தகவமைப்பு நிதி 26 பில்லியன். அதற்கு முந்தைய ஆண்டு 28. தேவை 310 முதல் 365. தேவை ஏறக்குறைய பன்னிரண்டு முதல் பதினான்கு மடங்கு. கிளாஸ்கோ காலநிலை மாநாட்டில் 2021-இல் கொடுத்த வாக்கு, 2019 அளவை 2025-க்குள் இரட்டிப்பாக்குவது, ஏறக்குறைய 40.

ஆக 70-ஆ 365-ஆ என்று நாம் நான்கு நாளாக அடித்துக்கொள்கிறோம். வந்ததோ, 9 முதல் 41 என்ற பழைய லம்சம் கணக்கின் நடுவில்தான் நிற்கிறது. அதிலும் நிறையக் கடன். கடனாகக் கொடுத்ததை “நிதி” என்று முழுத்தொகையாக எழுதுவதும் ஒரு கூட்டல் முறைதானே, அரைக்கணக்கு?

அரைக்கணக்கு | வியாழன் பகல் 12.15

ஆமாம். அதைப் பற்றி எழுதினால் இன்னோர் இழை வேண்டும்.

பனங்கிழங்கு | வெள்ளி இரவு 8.30

எல்லோருக்கும் நன்றி. கோடிட்ட இடத்தை நிரப்பப் போவதில்லை. முதல் வாக்கியத்தையே எடுத்துவிட்டேன்.

பதினைந்து நிமிடத்தையும் வங்கதேசத்துக் கரைக்குக் கொடுக்கிறேன். ஒரே அட்டவணை, இரண்டு பத்தி: இன்றைய குறை 3,090, நாளைய கூடுதல் 2,426. மேலே ஐயாவின் ஏரிக்கரைப் படம். பேர் போடலாமா ஐயா, “ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவர்” என்று? பக்கத்தில் மூன்றாவது பத்தி ஒன்று வரைந்து காலியாக விடுகிறேன். தொண்டர்களின் இரவு, போலா பஸ்தி வாடகை, ஆறு கொண்டுவருகிற வண்டல் என்று தலைப்பு மட்டும். உலக எண்கள் கடைசி ஒரு ஸ்லைடில், எண்ணுக்குப் பக்கத்தில் எது சேர்ந்தது, எது கழிந்தது, எந்த ஆண்டு விலை என்று. 2010 கணக்கு 2005-ஆம் ஆண்டு விலையில் என்பதை இன்றுதான் கவனித்தேன், அதுவரைக்கும் நேராக ஒப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

பழைய_ஓவர்சியர் | வெள்ளி இரவு 8.55

பொறியாளர் வேண்டாம். ஓவர்சியர் என்றே போடு அம்மா, அதுதான் பார்த்த வேலை. அட்டவணையில் அந்த 50 மில்லியன் பராமரிப்பை விட்டுவிட்டாய், அதைத் தனி வரியாக எழுது. இரண்டு பத்திக்கும் கீழே, கோடு போட்டு.

பனங்கிழங்கு | வெள்ளி இரவு 9.02

எழுதிவிட்டேன் ஐயா.